பன்னிரண்டு மணி மருந்து

லிபி கண் விழித்தபோது மணிக்கட்டில் கட்டு இல்லை.

அது ஒரு பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ் தாய்மார்களுக்குள் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. வெளியே யாரும் சொல்லிக்கொள்வதில்லை. காலையில் வந்து படுக்கும்போது துணியின் ஒரு நுனியைத் தன் மணிக்கட்டிலும் மறு நுனியைப் பிள்ளையின் கணுக்காலிலும் கட்டிக்கொள்வார்கள். பிள்ளை அறைக்குள் விளையாடும். கதவுப் பக்கம் போனால் கை இழுபடும், அம்மாவுக்கு விழிப்பு வரும். ஆட்டுக்குட்டியைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறதே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அப்படியானால் பகலில் நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் வரமாட்டார்கள்.

தலையணைக்குப் பக்கத்தில் அந்தத் துணி இருந்தது. அழகாகச் சுருட்டி, நுனியை உள்ளே செருகி, வார்டு டிரேயில் வைப்பது போல வைக்கப்பட்டிருந்தது. இரண்டரை வயது சிபிக்கு முடிச்சை அவிழ்க்கவே தெரியாது. சுருட்டி வைப்பதாவது!

“சிபி?”

கட்டிலுக்கு அடியில் இல்லை. குளியலறையில் இல்லை. தண்ணீர் பிடித்து வைத்த வாளியை எட்டிப் பார்த்தாள், அதற்குள்ளும் இல்லை. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. மேல் தாழ்ப்பாள் விலகியிருந்தது. அது ஆன்சன் கையை உயர்த்திப் போடுகிற தாழ்ப்பாள். ஆன்சன் அவள் கணவன். காலையில் அவள் வந்ததும் பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கழக்கூட்டத்துக்கு பஸ் ஏறிவிடுவான். அங்கே ஐ.டி. பார்க்கில் ஏ.சி. மெக்கானிக். அவன் போனபின் தாழ்ப்பாளைப் போட்டது லிபிதான். அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

எத்தனை மணி நேரம் உறங்கினோம் என்று தெரியவில்லை. வெயில் உச்சி தாண்டியிருந்தது.

லிபிக்கு ஊர் பாறசாலை. மலையாளத் தலைநகரின் கிழக்கேகோட்டை அக்ரகாரத்தில், மங்கலம் மாமி வீட்டின் பின்கட்டு அறையில் வாடகைக்கு இருந்தார்கள். மாமியின் பிள்ளைகள் இரண்டு பேரும் பெங்களூரில். பின்கட்டு சும்மாதான் கிடந்தது. கிறிஸ்தவர்களுக்கு விடுகிறாளே என்று தெருவில் நாலு பேர் பேசியபோது, “நர்ஸ் பொண்ணு ஆத்தோட இருந்தா எனக்கு பிரஷர் பாக்க ஆள் ஆச்சு” என்று மாமி ஒரே வரியில் முடித்துவிட்டாள். மீன் சமைக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. மீன் இல்லாமல் சோறு இறங்காத வீட்டில் பிறந்த லிபி அதற்கும் தலையாட்டினாள். ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ் என்பது அவளுக்குப் பெரிது.

அது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஆறு நைட் பார்த்தால் ஓய்வு என்றுதான் சட்டம் எழுதி வைத்திருந்தார்கள். நர்ஸுகளோ கூட்டம் கூட்டமாக விமானம் ஏறிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. துபாய்க்கும் ரியாத்துக்கும் போனவர்களின் ராத்திரிகளையும் சேர்த்து, போகாதவர்கள் பார்க்க வேண்டியிருந்தது. லிபிக்கு இந்தத் தடவை தொடர்ந்து பன்னிரண்டு நைட். பதினொன்று முடிந்திருந்தது. வயிறு எந்நேரமும் எரிந்தது. மாதவிலக்கு தனக்குத் தோன்றியபோது வந்தது. ஊசி மருந்தை உறிஞ்சும்போது விரல் நடுங்கியது. இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னால், நன்றாக உறங்குங்கள் என்பார். அக்ரகாரத்தில் பகலில் உறங்குவது எப்படி என்று அவருக்கு என்ன தெரியும்? கோயில் மணி, மிக்சி, பழைய பேப்பர்க்காரன், குக்கர் விசில், மறுபடியும் கோயில் மணி. அதனால் அலர்ஜிக்குக் கொடுக்கிற சிவப்பு சிரப் ஒன்றைக் குடிக்க ஆரம்பித்தாள். குடித்தால் கண்ணைச் செருகும். முதலில் ஒரு ஸ்பூன் குடித்தாள். பிறகு ஸ்பூனைத் தேடுவதை விட்டுவிட்டாள். நோயாளி யாராவது இப்படிச் செய்திருந்தால் லிபி அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

நைட்டியோடு, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினாள். மாமி வீட்டு வாசலில் பூட்டு தொங்கியது. மாமி இல்லையென்றால் பிள்ளை யாரோடு இருக்கிறான்? தெருவில் ஒரு ஈ காக்கைகூட இல்லை. எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள். தெரு முனை திரும்பினால் கோயில் குளம். சாயங்காலம் ஆன்சன் அவனை அங்கே மீன் காட்டக் கூட்டிப்போவான். சிபிக்கு அந்த வழி நன்றாகத் தெரியும்.

அந்தத் தெருவில் நைட்டி போட்ட பெண் ஓடி யாரும் பார்த்ததில்லை. குளத்துக்குப் பக்கத்தில் பூ விற்கிறவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

“எனக்க மவனப் பாத்தியளா? நீல நிக்கர். சின்னப் பிள்ளை.”

“இந்தப் பக்கம் பிள்ளை ஒண்ணும் வரல்லியே மோளே. நான் காலம்பறந்தொட்டு இங்கதான் இருக்கேன்.”

நம்ப முடியவில்லை. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். பச்சையாக, அசையாமல் கிடந்தது. நீல நிறத்தில் எதுவும் தெரிகிறதா என்று மூலை மூலையாகப் பார்த்தாள். கர்த்தாவே கர்த்தாவே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எந்தக் கோயில் வாசலில் நின்று யாரைக் கூப்பிடுகிறோம் என்ற நினைப்பெல்லாம் அப்போது அவளுக்கு இல்லை.

“ஏண்டி லிபி! இதென்ன கோலம்?”

திரும்பினாள். மங்கலம் மாமி பட்டுப்புடவையில் வந்துகொண்டிருந்தாள். அவள் தோளில் சிபி.

லிபி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. “எனக்கிட்ட ஒரு வாக்கு சொல்லிட்டு எடுத்திட்டுப் போவப்பிடாதா மாமி? நான் செத்துப் பொழச்சேன்.”

மாமி முழித்தாள். “சொல்லாம எடுத்துண்டு போனேனா? நன்னாருக்கே! நீதானேடி கதவத் தொறந்து கையில கொடுத்தே? கொழந்தை அழற சத்தம் கேட்டுத்தான் வந்தேன். வாலாம்பாள் ஆத்துல சீமந்தம், கூட்டிண்டு போறேன்னேன். சரின்னு தலையாட்டினே.”

“நானா?”

“பின்னே நானா? நன்னாக் கண்ணத் தொறந்துண்டு, சிரிச்சுண்டு பேசினே. இப்போ என்னடான்னா...” மாமி குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றினாள். “அங்க போயும் ஒரே தூக்கம்டி இவன். ஊஞ்சல்ல போட்டேன். பாயசம் கொடுக்கலாம்னு எழுப்பினேன், எழுந்துக்கவே மாட்டேங்கறான்.”

மாற்றியபோது சிபியின் கை கீழே விழுந்து ஆடியது. உறங்குகிற பிள்ளையின் கை அப்படி ஆடாது. லிபி எழுந்ததும் பிள்ளையைப் பிடுங்கியதும் ஒரே நேரத்தில் நடந்தன. இமையை நீக்கிப் பார்த்தாள். கன்னத்தில் தட்டினாள். நெஞ்சில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தாள். அவன் முகத்தைச் சுளித்து ஒரு முனகல் முனகினான், மறுபடியும் அமிழ்ந்துவிட்டான். மூச்சு இருந்தது. ஆனால் மெதுவாக, அரைகுறையாக வந்தது.

“என்ன கொடுத்தீங்க மாமி இவனுக்கு?”

“நான் என்னத்தக் கொடுக்கறேன்? நீ சொன்ன மருந்துதான்.”

“எந்த மருந்து?”

“தலகாணிக்கு அடியிலேர்ந்து நீயே எடுத்துக் கொடுத்தியேடி, அந்தச் சிவப்பு சிரப்! பன்னெண்டு மணிக்கு முப்பது எம்.எல்., மறக்கப்படாதுன்னே. ரெண்டு தரம் சொன்னே. அளவு மூடியில பாத்துப் பாத்துத்தான் விட்டேன். பாதிய துப்பிட்டான். நர்ஸ் சொன்ன அளவாச்சே, கொறையப்படாதேன்னு சர்க்கரை போட்டு மறுபடியும்...” மாமி நிறுத்தினாள். லிபியின் முகத்தைப் பார்த்து அவள் குரல் தேய்ந்துவிட்டது. “தப்பா? பத்மநாபா... உப்புத்தண்ணி கொடுக்கலாம்டி, வாந்தி எடுத்துடுவான்!”

“ஒண்ணும் கொடுக்கப்பிடாது. நெனவில்லாத பிள்ளைக்கு வாயில ஒண்ணும் விடப்பிடாது. ஆட்டோ பிடிங்க.”

ஒரு ஆட்டோவை மாமி நடுரோட்டில் நின்று மறித்தாள். மெடிக்கல் காலேஜ் என்று சொல்லி ஏறினார்கள். பழவங்காடி கடந்து ஓவர்பிரிட்ஜ் ஏறும்வரை வண்டி ஓடியது. செக்ரட்டேரியட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது. கொடிகளோடு ஒரு ஜாதா, கட்சி ஊர்வலம், போய்க்கொண்டிருந்தது, என்றைக்குத்தான் போகவில்லை? டிரைவர் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை.

லிபி பிள்ளையை மடியில் ஒருக்களித்துப் போட்டு, தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி இருந்தாள். ஒவ்வொரு தடவை இறங்கியதும் மறுபடி ஏறுமா என்று காத்திருந்தாள். நேரம் ஆக ஆகக் கால் பாதத்தில் சுண்டினாள். “சிபி, மக்களே, கண்ணத் தொற. அம்மை வந்திருக்கேன் பாரு.” அவன் உதட்டைப் பிதுக்கினான். அதுவே அவளுக்குப் போதும் போலிருந்தது.

“மாமி, நான் என்ன சொன்னேன்? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“இப்போ எதுக்குடி அது?”

“டாக்டர் கேப்பாரு. சொல்லுங்க.”

மாமி புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். “கதவத் தொறந்தே. கட்ட அவுத்து அழகா சுத்தி வச்சே. கொழந்தைய என் கையில கொடுத்துட்டு நேரா நின்னுண்டு சொன்னே. ‘நாலாம் நம்பர். ராத்திரி பிரஷர் கொறைஞ்சது, இப்போ பரவால்ல. வெளிக்கு ரெண்டு தரம் போயாச்சு. பன்னெண்டு மணிக்கு சிரப் முப்பது எம்.எல்.’ அப்படின்னே. நாலாம் நம்பர்னு கொழந்தைய ஆஸ்பத்திரிப் பாணியில கொஞ்சறாளாக்கும்னு நான் நெனச்சுண்டேன். சிரிச்சேன்கூட.”

லிபிக்குப் புரிந்துவிட்டது. நாலாம் நம்பர் என்பது ஆண்கள் வார்டில் அந்த எண் கட்டிலில் இருக்கும் ஒரு பெரியவர்; ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர். ஈரல் கெட்டுப்போனவர். அவருக்கு வயிறு இளகிப் போவதற்காகப் பன்னிரண்டு மணிக்கு ஒரு சிரப் உண்டு. அளவு முப்பது எம்.எல். அது வேறு சிரப். நைட் முடிந்து போகும்போது பகல் நர்ஸிடம் ஒவ்வொரு கட்டிலாக நின்று விவரம் ஒப்பிப்பது அவர்கள் வழக்கம். அதைத்தான் அவள் வீட்டு வாசலில், உறக்கத்தில், கண்ணைத் திறந்துகொண்டு செய்திருக்கிறாள். பிள்ளையைக் கையில் கொடுத்ததும் வாய் தன் பாட்டில் பேசியிருக்கிறது. ஒரு எழுத்துகூட அவளுக்கு நினைவில்லை.

ஜாதா கடந்தது. பாளையம் தாண்டியபின் டிரைவர் யாரையும் மதிக்கவில்லை.

குழந்தைகள் பிரிவில் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள், டிரிப் ஏற்றினார்கள். இளம் டாக்டர் ஒருவர் மருந்தின் பெயரைக் கேட்டார். லிபி சொன்னாள். அளவு கேட்டார். சொன்னாள். அவர் தலையை நிமிர்த்தினார். இரண்டரை வயதுப் பிள்ளைக்கு முப்பது எம்.எல். கொடுக்கச் சொன்ன மடையன் யார் என்று மலையாளத்தில் சத்தம் போட்டார்.

மாமி முன்னால் வந்தாள். “நான்தான் டாக்டர். வயசாயாச்சு, தப்பா வாங்கிண்டுட்டேன். இவ சரியாத்தான் சொன்னா.”

“இல்ல டாக்டர்,” என்றாள் லிபி. “நான்தான் சொன்னேன். நான் நர்ஸ். உறக்கத்தில சொன்னேன்.”

டாக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். நைட்டி, துண்டு, செருப்பில்லாத கால். வெளியே நிற்கச் சொன்னார்.

“எதுக்குடி ஒத்துண்டே?” என்று மாமி வராந்தாவில் கிசுகிசுத்தாள். “உன் வேலைக்கு ஏதாவது வந்துடப் போறது.”

“நீங்க பழிய ஏத்துக்கிட்டா நான் நாளைக்கும் இப்படியே உறங்குவேன் மாமி.”

மாமி அழுதுவிட்டாள். லிபிக்கு அழுகை வரவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக ஒரு சின்னப் பாதம் மட்டும் தெரிந்தது. அது அசையவே இல்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ தாய்மார்களை இதே மாதிரிக் கதவுக்கு வெளியே நிற்கவைத்து, பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறாள். அந்த வார்த்தை எவ்வளவு உபயோகமில்லாதது என்று இப்போதுதான் தெரிந்தது.

வெயில் தாழ ஆரம்பித்தபோது உள்ளேயிருந்து ஒரு அலறல் கேட்டது. சாதாரண அலறல் இல்லை. ஊசி குத்தப்பட்ட பிள்ளையின் நல்ல முழு அலறல். டாக்டர் வெளியே வந்து, இனிப் பயமில்லை, ராத்திரி மட்டும் இங்கே இருக்கட்டும் என்றார். மாமி கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். லிபி சுவரில் தலையைச் சாய்த்தாள்.

சாய்த்த தலையை உடனே நிமிர்த்தினாள். அதுவரை தோன்றாத ஒன்று அப்போது தோன்றியது. நாலாம் நம்பரின் விவரம் வீட்டுக்கு வந்துவிட்டது என்றால், காலையில் வார்டில் அவருக்கென்று எதைச் சொல்லிவிட்டு வந்தோம்? யோசித்துப் பார்த்தாள். பஸ்ஸில் ஏறியது நினைவிருந்தது. தாழ்ப்பாள் போட்டது நினைவிருந்தது. கட்டில்களுக்கு நடுவே நின்று பேசியது நினைவில் இல்லவே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் எஸ்.டி.டி. பூத் இருந்தது. மாமியிடம் சில்லறை வாங்கிக்கொண்டு ஓடினாள். வார்டில் அஜிதா எடுத்தாள்; பகல் நர்ஸ், நெய்யாற்றின்கரைக்காரி, நல்ல சிநேகிதி.

“அஜிதா, நாலாம் நம்பர் எப்படி இருக்காரு?”

“சுகமா இருக்காரு. என்ன, ஒனக்கு உறக்கமில்லியா?”

“பன்னெண்டு மணி மருந்து என்ன கொடுத்தே?”

“சார்ட் பாத்துத்தான் கொடுத்தேன். நீ மருந்துக் காரியமே சொல்லல்லியே.”

“பின்ன நான் என்ன சொன்னேன்?”

அஜிதா சிரிக்க ஆரம்பித்தாள். “ஒனக்கு ஓர்மை இல்லியா? நாங்க எல்லாரும் சிரிச்சுச் செத்தோம். அவருக்க கட்டில்கிட்ட நேரா நின்னு சொன்னே: ‘ராத்திரி ரெண்டு தடவ எழும்பி, அம்மை எங்கன்னு கேட்டு அழுதான். தோள்ல போட்டுத் தட்டினதும் உறங்கினான்.’ அந்த சாருக்கு அறுபது வயசு, பிள்ளே! நீ தமாசு பண்ணுதேன்னு நெனச்சோம். தமாசுதானே?”

லிபி கையிலிருந்த மிச்சச் சில்லறையை எண்ணிப் பார்த்தாள். பிறகு, “ரத்னாபாய் மேடத்துக்கு லைன் போடு” என்றாள்.

ரத்னாபாய் நர்சிங் சூப்பிரண்டு. மார்த்தாண்டத்துக்காரி, குரல் எப்போதும் தணிந்தே இருக்கும், காரியம் மட்டும் அவர் சொன்னபடிதான் நடக்கும். பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று கேட்டதும் உச்சுக் கொட்டினார். உயிருக்கு ஒன்றுமில்லை என்று கேட்டதும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தைவம் காத்தாரு. செரி லிபி, இன்னைக்கு ஒரு நைட்தானே ஒனக்கு மிச்சம்? ராத்திரி பிள்ளைய அப்பா பாத்துக்கட்டும். எனக்க கையில வேற ஆள் இல்ல.”

“வரமாட்டேன் மேடம்.”

“ஆள் இல்லைன்னு சொல்லுதேன்.”

“நான் வந்தா மட்டும் ஆள் ஆச்சா மேடம்? காலையில நாலாம் நம்பருக்க காரியத்த என் மவனுக்கும், மவனுக்க காரியத்த நாலாம் நம்பருக்கும் சொல்லிட்டு வந்திருக்கேன். அஜிதா சார்ட் பாத்ததால அவரு பொழச்சாரு. மாமிகிட்ட சார்ட் இல்ல. இன்னைக்கு ராத்திரி எந்தக் கட்டிலுக்கு என்ன கொடுப்பேன்னு எனக்கே தெரியாது. என்ன நடந்தாலும் பொறுப்பு உங்களுக்குன்னு சொல்லுங்க, இப்பவே பஸ் ஏறுதேன்.”

பூத் மீட்டரில் ரூபாய் ஏறிக்கொண்டிருந்தது.

“வரண்டாம்,” என்றார் ரத்னாபாய் கடைசியில். “ஆனா இத வெளிய யாருகிட்டயும் சொல்லப்பிடாது. ஒனக்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.”

“சொல்லுவேன் மேடம். எல்லா நர்ஸுகிட்டயும் சொல்லுவேன்.”

வைத்துவிட்டாள். வேலை போகலாம். போனால் போகட்டும் என்று சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்வது எளிதாக இல்லை.

திரும்பி வந்தபோது ஆன்சன் வந்திருந்தான். பிள்ளையை உள்ளே எடுத்துப்போனதுமே மாமி அவன் வேலை இடத்துக்குப் போன் செய்திருந்தாள். ஹைவே நெரிசலில் பஸ்ஸை விட்டிறங்கிப் பாதித் தூரம் ஓடி வந்தவன் போல, சட்டை முழுக்க நனைந்திருந்தது. மாமி அவனிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். அவன் லிபியைத் திட்டவில்லை. நகர்ந்து கட்டிலில் இடம் கொடுத்தான். சிபி கண்ணைப் பாதி திறந்து, பிஸ்கட் வேண்டும் என்று சிணுங்கிக்கொண்டிருந்தான். லிபி அவன் நெற்றியில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

பிறகு கேட்டாள். “அத்தான், ராத்திரி இவன் எழும்புவானா?”

ஆன்சன் பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டிருந்தான். “இல்லியே. தெனமும் காலையில சொல்லுவேம்லா, ஒரே உறக்கம்னு.”

“என்னைக் கேட்டு அழுவானா?”

தடவிக்கொண்டிருந்த கை நின்றது. அவன் டிரிப் பாட்டிலைப் பார்த்தான். அதில் சொட்டு ஒழுங்காகத்தான் விழுந்துகொண்டிருந்தது.

“ரெண்டு தடவதான்,” என்றான். “தோள்ல போட்டா உறங்கிருவான். நீ வேலைக்குப் போற பிள்ளை, எதுக்கு வெசனப்படுத்தணும்னு சொல்லல்ல. ஒனக்கிட்ட யாரு சொன்னா?”